முதுகு வலியோடு எடை குறைக்க எந்த சைக்கிள்?

சைக்கிள் வாங்கப் போனால் "எதில் கலோரி அதிகம் எரியும்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். மூன்று மாதத்துக்கு மேலாகக் கீழ் முதுகு வலிக்கிறவர் அதற்கு முன்னால் தன்னையே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: குனிந்தால் வலி கூடுகிறதா, குறைகிறதா?

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியவர்களுக்குப் பெரும்பாலும் குனிந்தாலோ வெகுநேரம் உட்கார்ந்தாலோ வலி கூடும். முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் வழியான தண்டுவடக் கால்வாய் சுருங்கியவர்களின் கதையே வேறு. கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கடுத்து மரத்துப்போகும். முன்னால் சாய்ந்து பெடல் மிதித்தால் பல நேரம் வலியே தெரியாது. குனியும்போது அந்தக் கால்வாய் சற்று அகலமாவதுதான் காரணம். இப்படிக் கால் வலிப்பது நரம்பு நெரிவதாலா, ரத்தக்குழாய் அடைப்பாலா என்று பிரித்தறிய, ஆளைச் சைக்கிள் மிதிக்க வைத்துப் பார்க்கும் சோதனைகூட உண்டு.

ஆகவே ஹேண்டில்பார் தாழ்ந்த ரோடு பைக் முதல் வகையினருக்கு ஆகாது. இரண்டாம் வகையினருக்கு அதன் குனிந்த வாட்டம் ஒத்துப்போகலாம், ஆனால் சாலைக் குலுக்கலைத் தாங்கியாக வேண்டும். நிமிர்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிளில் உடல் எடையில் பெரும்பகுதி சீட்டில் இறங்குகிறது. ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகில் ஏறும். அகலமான டயர் இருந்தால் கொஞ்சம் தேவலை. ஜிம்மில் குனிந்து வேகமாக மிதிக்கும் ஸ்பின் பைக்கை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம்.

வீட்டுக்குள் மிதிப்பதில் போட்டி இரண்டுக்குள்தான். சாய்மானம் வைத்த ரிகம்பென்ட் சைக்கிள் பார்க்கச் சொகுசாக இருக்கும். ஆனால் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு எட்டி எட்டி மிதித்தால் இடுப்பு சரிந்து கீழ் முதுகு கூன்போடும். டிஸ்க் தொல்லைக்காரர் எதற்குப் பயந்து அதை வாங்கினாரோ அதுவே நடக்கும். ஹேண்டில்பாரை உயர்த்தி வைத்த நிமிர்ந்த எக்சர்சைஸ் சைக்கிளுக்கே என் ஓட்டு. குலுக்கல் கிடையாது, வலித்தால் அந்த நொடியே இறங்கிவிடலாம்.

எதை வாங்கினாலும் சீட் உயரத்தைச் சரிபாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். சீட் அதற்கும் மேலே இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். ஜெல் சீட் மாற்றிப் பார்த்தும் வலி போகவில்லை என்பவர்களில் பலருக்குக் கோளாறு இந்த உயரத்தில்தான்.

சரி, கலோரிக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி மிதித்தால் சுமார் 240 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ ஏறத்தாழ 7,700. அதாவது 32 அரைமணிகள், அதுவும் சாப்பாடு கூடாமல் இருந்தால். இந்தக் கணக்கில் ஒரு சைக்கிள் இன்னொன்றைவிட 40 கலோரி கூடுதலாக எரிப்பது பெரிய விஷயமே இல்லை. வலி கிளம்பி ஒரு வாரம் படுத்துவிட்டால் அத்தனையும் போச்சு. பத்து நிமிடத்தில் தொடங்கி, லேசான கியரில் மிதித்து, மறுநாள் காலை முதுகு என்ன சொல்கிறது என்று பார்த்து நேரத்தைக் கூட்டுங்கள்.

சீட்டில் படும் பகுதி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, கால் பலமிழந்தாலோ சைக்கிள் பேச்சே வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.