ஒற்றை உயிரணுவுக்குள் தனிமங்களின் வரைபடம்: எக்ஸ்-கதிர் ஒளிர்வு நுண்ணோக்கிச் சேவை ஒரு மதிப்பீடு

சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையப் பாதையில் சுழற்றிச் செறிந்த எக்ஸ்-கதிர்களை உண்டாக்கும் கருவி) நிலையம் ஒன்று வெளி ஆய்வாளர்களுக்கு வழங்கும் சேவை இது. நூறு நானோமீட்டருக்கும் குறைவான அகலத்திற்குக் குவித்த எக்ஸ்-கதிர்க் கற்றையை உயிரணுவின் மீது புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் உமிழும் கதிர்களின் ஆற்றலை அளந்து, இரும்பு, செம்பு, துத்தநாகம் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரைபடங்கள் தருகிறார்கள். சாயம் ஏற்றும் முறையில் பெரும்பாலும் இறுகப் பிணையாத துத்தநாகமே தெரியும். இங்கே புரதங்களுக்குள் புதைந்திருப்பதும் சேர்ந்து பதிவாகிறது.

அறிமுகக் குறிப்பில் கற்றையின் நுண்மையைத்தான் முன்னிறுத்துகிறார்கள். என் கணிப்பில் இச்சேவையின் பலம் மாதிரித் தயாரிப்பு அறையில் இருக்கிறது. ஆல்டிஹைடு கொண்டு நிலைப்படுத்திய உயிரணுவில் சவ்வு கசிந்து பொட்டாசியமும் குளோரினும் வெளியேறிவிடுவதால், அதன் பிறகு எவ்வளவு நுட்பமாகப் படமெடுத்தாலும் கிடைப்பது உயிருள்ள நிலையின் படம் அன்று. இங்கோ சிலிக்கான் நைட்ரைடு மென்படலத்தில் வளர்த்த உயிரணுக்களைத் திரவ ஈத்தேனில் கண்ணிமைப்பதற்குள் உறையவைத்து, பனிப்படிகம் உருவாகாத அதே குளிர்நிலையில் அளவீடு முடியும்வரை காக்கிறார்கள். கதிர்வீச்சுச் சேதமும் இதனால் மட்டுப்படுகிறது.

குறை, அளவீட்டின்போதே திரையில் காட்டப்படும் உடனடிப் படங்களில் இருக்கிறது. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சில ஆற்றல்களில், அதாவது 'கோடு'களில், கதிரை உமிழ்கிறது. செம்பின் இரண்டாவது கோடு (8.90 கிலோ எலக்ட்ரான் வோல்ட்) துத்தநாகத்தின் முதன்மைக் கோட்டை (8.64) ஒட்டி விழுவதால், ஆற்றல் இடைவெளியை மட்டும் வெட்டியெடுத்து வரையும் படத்தில் ஒன்று மற்றொன்றாகத் தோன்றலாம். நிறமாலையை முழுமையாகப் பொருத்திப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். அதற்குக் கட்டணமின்றிக் கிடைக்கும் பைஎம்சிஏ மென்பொருள் போதுமானது.

இன்னொன்றும் உண்டு. இவை இருபரிமாண நிழற்படங்கள். உட்கருப் பகுதியில் உயிரணு தடித்திருந்தால், செறிவு கூடாமலேயே அங்கே துத்தநாகம் மிகுந்திருப்பதாகத் தெரியும். தடிமன் வரைபடத்தையும் கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆயிரக்கணக்கான உயிரணுக்களின் சராசரி தேவைப்படுவோருக்கு இந்தச் சேவை பொருந்தாது. இடத்தகவல் இல்லாவிட்டாலும் ஒற்றை உயிரணு நிறைநிறமாலை முறையே (உயிரணுக்களை ஒவ்வொன்றாக அயனிகளாக்கி, நிறையைக் கொண்டு தனிமங்களை அளப்பது) அவர்களுக்கு உகந்தது. ஐசோடோப்புகளைப் பிரித்தறிய வேண்டுமெனில், மாதிரியின் மேற்பரப்பை அரித்துவிடும் என்றாலும், அயனிக் கற்றையால் மேற்பரப்பிலிருந்து பெயர்த்தெடுத்தவற்றின் நிறையை அளக்கும் நானோசிம்ஸ் கருவியையே நாட வேண்டும். சில பத்து உயிரணுக்களுக்குள் உலோகம் எந்த உறுப்பில் தங்கியிருக்கிறது என்று கேட்பவர்கள், தடிமன் வரைபடத்தையும் சேர்த்துக் கோரி, தயக்கமின்றி விண்ணப்பிக்கலாம்.