கணினிக் கடிகாரம் பின்தங்கினால்: ஹெச்டபிள்யூகிளாக்கா, குரோனியா, தனிச் சில்லா?

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து, விண்டோஸில் நேரம் சரியாக 8 மணி நேரம் பின்னால் காட்டினால் கடிகாரத்தைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் யுடிசி நேரத்தை (சிங்கப்பூரைவிட 8 மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) எழுதுகிறது, விண்டோஸ் அதையே சிங்கப்பூர் நேரமாகப் படிக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பை 1 ஆக்கினால் தீர்ந்தது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதைவிட இதுதான் நல்லது.

நாளுக்கு ஓரிரு நொடி பின்தங்குவது வேறு விஷயம். மதர்போர்டுக் கடிகாரத்தின் 32,768 ஹெர்ட்ஸ் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் ஒழுங்காகத் துடிக்கும், சூடு ஏறினாலும் குறைந்தாலும் வேகம் தணியும். ஏர்கான் போடாத வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் பெட்டிக்குள் 45 டிகிரியைத் தொட்டால், அந்தச் சூடு மட்டுமே நாளுக்கு ஒரு நொடிக்கு மேல் விழுங்கிவிடும்.

வன்பொருள் கடிகாரத்தைப் படிக்கவும் திருத்தவும் லினக்ஸில் உள்ள ஹெச்டபிள்யூகிளாக் கட்டளை இந்த இழப்பை அட்ஜ்டைம் கோப்பில் குறித்துவைத்து, பிறகு கூட்டிக் கொடுக்கும். செலவில்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு, ஏர்கான் ஓடும் நாளுக்கும் ஓடாத நாளுக்கும் ஒரே எண்தான்.

இணையம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லினக்ஸில் நேரத்தைச் சரிசெய்யும் குரோனி மென்பொருள்தான். நேர சர்வர்களைப் பார்த்து சிஸ்டம் நேரத்தை மெல்ல மெல்லச் சரிக்கட்டும், அப்புறம் அதன் அமைப்புக் கோப்பில் ஆர்டிசிசிங்க் என்று ஒரு வரி சேர்த்தால் லினக்ஸின் மையமான கெர்னலே 11 நிமிடத்துக்கு ஒருமுறை வன்பொருள் கடிகாரத்திலும் எழுதிவிடும். ஒன்று முக்கியம்: இதைப் போட்டபின் ஹெச்டபிள்யூகிளாக்கின் அட்ஜஸ்ட் என்ற திருத்தும் வசதியை ஓடவிடவே கூடாது. சரியாக இருக்கும் நேரத்தைப் பழைய கணக்கை வைத்து மறுபடி திருத்தி, கெடுத்துவிடும்.

இணையமே எட்டாத இடத்தில் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி வைத்திருக்கிறீர்களா? அதில் வன்பொருள் கடிகாரமே கிடையாது, டிஎஸ்3231 என்ற தனிக் கடிகாரச் சில்லு வாங்கிப் பொருத்துங்கள், மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவர் பக்கம் விசாரித்துப் பாருங்கள். வெப்பத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் சில்லு இது, 0 முதல் 40 டிகிரி வரை ஆண்டுக்கு ஒரு நிமிடம் சொச்சம்தான் பிசகும். மலிவு என்று டிஎஸ்1307 சில்லுப் பக்கம் போகாதீர்கள், அதில் வெப்பத் திருத்தம் இல்லை. பேட்டரியையும் கவனியுங்கள்: மலிவான டிஎஸ்3231 மாட்யூல்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் சர்க்யூட் சேர்ந்தே வருகிறது, அதில் சார்ஜ் ஏற்ற முடியாத சாதாரண சிஆர்2032 போட்டால் பேட்டரி உப்பிவிடலாம், சார்ஜ் ஏற்றக்கூடிய எல்ஐஆர்2032 போடுங்கள்.