செங்கோட்டை ரயில் நிலையம் பக்கத்து டீக்கடை: ரச வடைக்குப் போகலாம், சாம்பாருக்கு வேண்டாம்

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் செங்கோட்டைக்குப் பக்கத்திலிருக்கிற பிரானூர் பார்டரில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டுவிட்டு அதைப் பற்றியே எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் செங்கோட்டையில் குடியிருக்கிற நாங்கள் தினமும் புரோட்டா தின்று வாழவில்லை. எங்களுக்கு ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு டீக்கடை இருக்கிறது. பெயரைப் போடப் போவதில்லை, போட்டால் சாரல் சீசனில் அங்கேயும் கார் வரிசை கட்டும், அப்புறம் எனக்கு பெஞ்சில் இடம் கிடைக்காது.

முதலில் ரச வடை. கொரகொரவென்று அரைத்த பருப்பு வடையைச் சூடாக எடுத்து அப்படியே ரசத்தில் போடுகிறார்கள். ரசம் கடைக்கார மதினி கை, மிளகு தூக்கலாக இருக்கும், ஜூலையில் சாரலும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது அதைக் குடித்தால் மூக்கு தானாகத் திறந்துகொள்ளும். ஏத்தம்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜி அன்றைய பழத்தைப் பொறுத்தது. சரியாகக் கனியாத நாளில் மாவைத்தான் தின்ன வேண்டும். டீ நல்ல ஸ்ட்ராங். காபி கேட்காதீர்கள். சாம்பார் தண்ணீர், அதில் விவாதமே இல்லை.

கடையின் உண்மையான வேலை சாயங்காலம், சென்னை போகிற பொதிகை எக்ஸ்பிரஸ் கிளம்புவதற்கு முன்னால். படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் விடுமுறை முடிந்து திரும்புவார்கள், வழியனுப்ப அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று வீடே திரண்டு வரும். அவர்களுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிப் பொட்டலம், வாழையிலையில் கட்டியது. எழும்பூர் போய்ப் பிரித்தாலும் ஊசிப் போயிருக்காது. ரயில் போனதும் கூட்டம் கலைந்துவிடும், எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு பசித்தால் உங்கள் பாடு.

இத்தனைக்கும் இந்தக் கடை கேரளப் பக்கத்து ரயில் இல்லாமலும் பிழைத்திருக்கிறது. 1904-இல் போட்ட புனலூர் மீட்டர் கேஜ் பாதையை 2010-இல் மூடினார்கள், அகலப்பாதையாகித் திரும்ப ஓட 2018 ஆகிவிட்டது. அந்தக் காலமெல்லாம் கேரள எல்லையில் இருக்கிற புளியரை பக்கம் போகிற லாரி டிரைவர்கள்தான் கைகொடுத்தார்கள் என்பார் கடைக்கார அண்ணாச்சி. இப்போது கொல்லம் மெயிலில் மலையாளிகள் வந்து இறங்குகிறார்கள், அவரும் கணக்கை மலையாளத்திலேயே சொல்லிக் காசு வாங்கிப் போடுகிறார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தானே, தலைவாசல் வளைவில் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது.

குறை என்று பார்த்தால், தகரக் கூரை மேற்குப் பக்கம் ஒழுகும். அதைவிடப் பெரிய தொல்லை விசாரணை. மாத்திரைக் கவரோடு உட்கார்ந்தால் யாருக்கு, என்ன, தென்காசியில் காட்டினீர்களா திருநெல்வேலிக்கே போய்விட்டீர்களா என்று டீ ஆறுவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். லீவில் வந்த பையனிடம் வேலை போய்விட்டதா என்று நேராகவே கேட்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், இருக்கத்தான் செய்யும், எனக்கே சில நாள் வீட்டில் டீ போட்டுக் குடித்துவிடலாம் என்று தோன்றும். அதே ஆட்கள்தான் வீட்டுச் சாவியையும் கல்யாணப் பத்திரிகையையும் கொரியர் பார்சலையும் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள், எதுவும் தொலைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பற்று நோட்டும் உண்டு. அது தெரிந்த முகத்துக்கு மட்டும்.

ஜிபே இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் கடை கிடையாது. வடை நாலு மணிக்கு எண்ணெயில் விழும், நாலரைக்குள் போய்விடுங்கள். சாம்பார் வாளியோடு வந்தால் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு சட்னி கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.