ஆறு வருஷம் கைசைக்கிளோடு: டர்பனிலிருந்து ஓர் அனுபவம்

கையால் சுற்றி ஓட்டும் ஹேண்ட்சைக்கிள் வாங்கலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள் எல்லாரும் கேட்பது எத்தனை கியர், எவ்வளவு எடை, எவ்வளவு வேகம் போகும் என்றுதான். ஆறு வருஷம் ஓட்டிய பிறகு நான் திருப்பிக் கேட்பது வேறு. அதில் எப்படி ஏறுவீர்கள்? யார் பிடிப்பார்கள்? நீங்கள் ஏறிப் போனபின் உங்கள் வீல்சேர் எங்கே நிற்கும்?

எனக்கு 2015இல் கார் விபத்து. முதுகுத் தண்டுவடத்தில், மார்பின் எட்டாவது எலும்பு மட்டத்தில் அடி. 2019 கடைசியில் யாரோ ஓட்டிய பழைய வண்டியை 38,000 ராண்டுக்கு வாங்கினேன். மூன்று சக்கரம், மல்லாந்து சாயும் இருக்கை, நெஞ்சுக்கு நேரே இரண்டு கைப்பிடி. இரண்டு கையும் ஒன்றாகவே சுற்றும். வீட்டில் எல்லாருக்கும் அது 'கைசைக்கிள்'. உதவி கேட்டு மருத்துவக் காப்பீட்டுக்கு எழுதினோம். 'பொழுதுபோக்குப் பொருள்' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். அந்த வரி இன்னும் எனக்கு ஆறவில்லை. வாங்கி மூன்று மாதத்தில் ஊரடங்கு வேறு. முதல் பழக்கமெல்லாம் வாசல் சிமெண்டுத் தரையில்தான்.

நாங்கள் இருப்பது டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி. மேடும் பள்ளமும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் வண்டியில் கை சுற்றும் விசை முன்சக்கரத்துக்குப் போகிறது; உடம்பின் பாரம் பின்னால் இருக்கிறது. ஈரமான செங்குத்து மேட்டில் முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் வெறுமே சுற்றும், வண்டி நகராது. ஆகவே வீட்டு வாசலிலிருந்து கிளம்புவது என்ற பேச்சே இல்லை. என் தம்பியின் பக்கி வண்டியில் (பின்னால் திறந்த பிக்கப்) ஏற்றிக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும்.

அங்கே போய்விட்டால் சுகம்தான். உம்கெனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனிலிருந்து தெற்கே உஷாகா கடல் பூங்கா பக்கம் வரை ஏறக்குறைய 8 கிலோமீட்டர், சமதரை. போகும்போது வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். கையில் பாதித் தெம்பை அதற்கென்று மிச்சம் வைக்க நான் ஒரு வருஷம் கழித்துத்தான் கற்றுக்கொண்டேன். தென்மேற்குக் காற்று பலமாக அடித்த மறுநாள் பாதையில் மணல் படிந்து கிடக்கும், திருப்பங்களில் கவனம் வேண்டும். உப்புக்காற்றில் செயின் இரண்டே வாரத்தில் சிவந்துவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுகிறேன். செயின், டயர், டியூப் எல்லாம் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைப்பது பெரிய நிம்மதி.

காயத்துக்குக் கீழே எனக்கு வியர்க்காது. ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் உடம்பு சட்டென்று கொதித்துவிடும். டிசம்பரில் இங்கே 5 மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது, அப்போதே கிளம்பி 7 மணிக்குள் முடித்துவிடுவேன்.

தோளைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். வீல்சேர் சக்கரத்தை நாள் முழுக்கத் தள்ளுவதைவிட இதில் தோளுக்குப் பாரம் குறைவு. முதல் வருஷம் எனக்கு வலித்தது உண்மைதான். இருக்கை பின்னால் தள்ளி இருந்ததால் கை முழுக்க நீண்டு இழுபட்டது. கைப்பிடி அதிக தூரம் போகும் இடத்திலும் முழங்கை கொஞ்சம் மடிந்தே இருக்கும்படி மாற்றியதும் வலி போனது. விரல் பிடிப்பு இல்லாதவர்களும் தயங்க வேண்டாம். கையைக் கைப்பிடியோடு கட்டும் கையுறை உண்டு. கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட நம் தென்னாப்பிரிக்க பீட்டர் டு பிரே, டோக்கியோ பாராலிம்பிக்கில் கைசைக்கிளின் எச்1 பிரிவு (உடல் பாதிப்பு மிக அதிகமானவர்களுக்கானது) நேரப் போட்டியில் தங்கமே வாங்கினார்.

இனி சொல்வதை நிதானமாகப் படியுங்கள். 2022இல் ஒரு மழைநாளில் ஈரக் கால்சட்டையோடு மூன்று மணி நேரம் ஓட்டினேன். இருக்கைப் பஞ்சு அமுங்கித் தகடாகிப் போயிருந்ததை நான் கவனிக்கவில்லை. உணர்ச்சி இல்லாத இடம், வலி எப்படித் தெரியும்? ராத்திரி உடை மாற்றும்போது என் மனைவிதான் பார்த்தாள். வால் எலும்பின்மேல் கறுத்த வட்டம், அழுத்தத்தால் வந்த புண். நாலு மாதம் குப்புறப் படுத்தே கிடந்தேன்.

அப்போது வாரம் தவறாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தவன் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதிக்கார இளைஞன் ஒருவன். காங்கோ அமைதிப்படையில் இருந்தவன், இடதுகால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக்காலோடு சாதாரண சைக்கிள் ஓட்டி என் கூடவே வருவான். லுட்விக் குட்மன் பற்றி அவன்தான் எனக்குச் சொன்னான். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய டாக்டர். 1948 ஜூலை 29 அன்று, காயம்பட்ட படைவீரர்கள் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் முளைத்தது அங்கிருந்துதான். "அண்ணா, அவர் எடுத்த உடனே வில்லைக் கையில் கொடுக்கவில்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போட்டு முதலில் புண்ணை ஆற்றினார்" என்றான். அந்தப் பேச்சுதான் என்னைப் படுக்கையில் பொறுமையாக இருக்க வைத்தது.

இப்போது இருக்கைப் பஞ்சை வருஷம் ஒருமுறை மாற்றுகிறேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பாக ஓட்டுவதில்லை.

புதிதாக வாங்குபவர்களுக்கு என் கருத்து: முதலில் வீல்சேரின் முன்னால் மாட்டும் வகையை வாங்குங்கள். என் வண்டியின் இருக்கை தரையோடு தரையாக இருக்கிறது. இறங்குவதாவது பரவாயில்லை, திரும்ப மேலே வீல்சேரில் ஏற என் தம்பி இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். பாதி வழியில் கழிவறை தேவைப்பட்டால் வீல்சேர் 4 கிலோமீட்டர் தள்ளி பக்கியில் கிடக்கும். மாட்டும் வகையில் உங்கள் நாற்காலியிலேயே இருப்பீர்கள், கழற்றிவிட்டு உள்ளே போய்விடலாம். வேகம் குறையும், குறையட்டும். எனக்கு இந்தச் சாய்வு வண்டி பிடித்துப்போய்விட்டது, விற்க மாட்டேன். ஆனால் தனியாக வெளியே போய்வர ஒன்று வேண்டும் என்று மாட்டும் வகைக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு அந்த ஃபீனிக்ஸ் இளைஞன் புளூ லகூனில் காத்திருப்பான். ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் புரண்டு படுத்துக் கைக்கண்ணாடியில் முதுகின் அடிப்பகுதியைப் பார்ப்பேன். அப்புறம்தான் டீ.