நேற்றைய மழையை மறந்துவிடும் கருவி: நான்கு ஆண்டு அனுபவம்

புறக்கோட்டையில் திருத்தக் கொடுத்திருந்த ஈரப்பதன் உணரி மூன்று கிழமைக்குப் பிறகு நேற்றுக் கைக்கு வந்தது. அதற்குள் இந்த வானிலைக் கருவியின் விலையும் இறங்கிவிட்டது. பதுளையில் காணி வைத்திருக்கும் நண்பர், காட்டுத் தீக்கு முன்னெச்சரிக்கையாக ஒன்று வாங்கலாமா என்று கேட்கிறார்.

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறேன். கருவி, ஊவா மலைப்பகுதியில் உள்ள பண்டாரவளையில் அக்கா வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது. வேலிக்கு அப்பால் மானாப்புல், அதற்கு மேல் பைன் காடு. ஜூன் மாதத்தில் காலி வீதியில் குடை பிடித்துப் பஸ்ஸுக்கு நிற்கும்போது கைபேசியைப் பார்த்தால், அக்கா வீட்டு மழைமானி பூச்சியம் காட்டும். தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் வறண்டு இறங்குகிறது. நான்கு ஆண்டுகளில் மழைமானி ஒரு நாளும் பிசகவில்லை. அதில் எனக்கு முழுத் திருப்தி.

என் கோபமெல்லாம் திரையில் தெரியும் தீ அபாயப் பட்டையின் மேல்தான். அந்த நேரத்து வெப்பநிலையையும் ஈரப்பதனையும் மட்டும் வைத்துக் கணக்கிடுகிறது. ஐந்து கிழமை மழையில்லாத ஓர் ஆகஸ்ட் மாலை, மலையில் மூடுபனி இறங்கியதும் பட்டை பச்சையாகிவிட்டது. அத்தான் அதை நம்பிச் சருகைக் கொளுத்தினார். வேலியோரப் புல் பற்றிக்கொண்டது. அயலவர்கள் பச்சைக் கொப்புகளால் அடித்து அணைத்திராவிட்டால் பைன் காடு போயிருக்கும். அந்தப் பச்சை நிறத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து, காட்டுத் தீ அபாயத்தைக் கணிக்கும் கனேடிய முறையின் வறட்சிக் குறியீட்டைக் கொப்பியில் எழுதி வருகிறேன். நண்பகல் வெப்பநிலையும் 24 மணிநேர மழையும் போதும். 2.8 மில்லிமீற்றர் வரையான மழையை அது கணக்கிலேயே எடுப்பதில்லை. நிலத்தில் ஆழமாகப் படிந்திருக்கும் இலைமக்கு காய ஏறத்தாழ 52 நாள் கணக்கு வைத்திருக்கிறது. ஒரு தூறலில் ஏமாறாத கணக்கு! அது கனடாக் காடுகளுக்காக வகுத்தது என்பதால் அவர்களுடைய அபாய எல்லைகளை நான் எடுக்கவில்லை. சென்ற ஆண்டு இதே கிழமையில் எங்கள் எண் என்ன என்றுதான் பார்க்கிறேன். காலநிலைப் போக்கு என்று சொல்ல 30 ஆண்டுப் பதிவாவது வேண்டும். இந்தக் கருவியோ ஓராண்டுக்கு முந்தியதை அழித்துவிடுகிறது. கொப்பி இல்லையென்றால் என்னிடம் ஒன்றுமே மிஞ்சியிராது.

புல்லின் மேற்பரப்பு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று அறிய ஈரப்பதனும் காற்றும் தேவை; மறுக்கவில்லை. ஆனாலும் உணரி இல்லாத மூன்று கிழமையும் கொப்பி ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். மழைமானி ஒன்றும் வெப்பமானி ஒன்றும் வாங்குங்கள், கணக்கை நான் சொல்லித் தருகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவுப் பஸ்ஸில் உணரியைக் கொண்டுபோகிறேன். பட்டையின் மேல் ஒட்டக் கறுப்பு டேப்பும் வாங்கிவிட்டேன்.