நெல் வெட்டுக்கிளிக்கு வரப்புச் செதுக்கலா, வேப்பங்கொட்டையா, மருந்துக் கேனா?

2020 மே மாதம். ராஜஸ்தானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிய வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பக்கத்து வயல் மாமா பதறி ஓடி வந்தார். "தம்பி, இங்கயும் வந்திருச்சு. மருந்து வாங்கிரலாமா?"

போய்ப் பார்த்தேன். ஒரு எருக்கஞ்செடி முழுக்க மஞ்சளும் நீலமுமாகப் பட்டை போட்ட வெட்டுக்கிளிகள். குச்சியால் சீண்டியதும் ஒன்று திரவத்தைப் பீய்ச்சியது. அது எருக்கு வெட்டுக்கிளி. எருக்கை மொட்டையடித்துவிட்டு அங்கேயே கிடக்கும். கிருஷ்ணகிரிப் பக்கமும் அந்த நாள்களில் இதே கிளியைப் பார்த்துத்தான் பயந்தார்கள்.

ராஜஸ்தானுக்கு வந்தது பாலைவன வெட்டுக்கிளி. 2018-இல் இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழை கொட்டியதில் பெருகிக் கிளம்பிய கூட்டம். ஒரு சதுர கிலோமீட்டரில் 4 முதல் 8 கோடி வரை இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 கிராம். தன் எடை அளவுக்குத் தினமும் தின்னும். காற்றோடு ஒரே நாளில் 150 கிலோமீட்டர் போகும். தட்டைத் தட்டி விரட்டினால் அடுத்தவர் வயலில் போய் இறங்கும். அது மரங்களில் அடைந்திருக்கும் நேரம் பார்த்து, அரசாங்கம் டிரோன், டிராக்டர் வைத்து மாலத்தியான் பூச்சிமருந்து தெளித்தது. அங்கே வேறு வழியில்லை, சரி.

நம் செம்மண் வயலுக்கு வருவது நெல் வெட்டுக்கிளி. ஆளும் வேறு, வைத்தியமும் வேறு.

எங்கள் பக்கம் எல்லோரும் முதலில் கை நீட்டுவது மருந்துக் கேனுக்குத்தான். வேகம் உண்டு, காலையில் அடித்தால் சாயங்காலம் கிளி கீழே கிடக்கும். நானும் ஒரு கார்த்திகையில் அடித்தேன். மறுநாள் வயலில் ஒரு தட்டான் இல்லை, ஒரு சிலந்தி வலை இல்லை. பதினைந்து நாளில் புகையான் பூச்சி வந்து பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்தது. அதைப் பிடித்துத் தின்ன வேண்டிய சிலந்தியை நானே கொன்றிருந்தேன். வரப்புப் புல்லை ஆட்டுக்கு அறுக்கவும் முடியவில்லை. மழை வந்தால் அந்தத் தண்ணீர் வரத்துக்காலில் இறங்கி ஊரணிக்குத்தானே போகும்? அந்த நினைப்பு இன்னும் என்னை உறுத்துகிறது.

வரப்புச் செதுக்கல் இதற்கு நேர் எதிர். கிளியே இல்லாத நாளில் செய்யும் வேலை. நெல் வெட்டுக்கிளி வரப்பு மண்ணுக்குள் முட்டை வைக்கும். கோடை முழுக்க அது அப்படியே கிடந்து, மழை விழுந்ததும் பொரியும். சித்திரையில் வரப்பின் இரண்டு பக்கமும் நாலு விரல் ஆழம் செதுக்குங்கள். ஒரு கட்டியைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள்: நுரை காய்ந்தது மாதிரி ஒரு உறை, அதற்குள் குருணை போல மஞ்சளாக முப்பது நாற்பது முட்டை. வெயில் பாதியை முடிக்கும், மிச்சத்தை மைனா பொறுக்கும். ஏக்கருக்கு எனக்கு இரண்டு ஆள் கூலிதான் ஆனது. ஒரே சங்கடம், பக்கத்து வயல்காரரும் செதுக்க வேண்டும். கண்மாய்க் கரைப் புல்லில் பொரிப்பதை யாரும் தடுக்க முடியாது.

அப்படித் தப்பி வருவதற்குத்தான் வேப்பங்கொட்டை. இதன் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1959-இல் சூடானில் பாலைவன வெட்டுக்கிளி பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். 1968-இல் இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற, பூச்சியைத் தின்னவிடாத பொருளைப் பிரித்தெடுத்தார்கள். கொட்டைச் சாற்றைப் பிரித்ததில் எந்தப் பகுதியில் அது இருக்கிறது என்று சோதிக்க அவர்கள் வைத்திருந்ததும் அதே கிளிதான். அது தின்ன மறுத்த பொருள் நம் வீட்டு முற்றத்தில் உதிர்ந்து கிடக்கிறது.

ஏக்கருக்கு 10 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து 200 லிட்டராக்கி அடிக்க வேண்டும். சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் வீரியம் போய்விடும். கிளி உடனே சாகாது. தின்பதை நிறுத்தும், குஞ்சு தோலுரிக்க முடியாமல் போகும். முதல் நாள் பார்த்துவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்று மாமா சொன்னது அதனால்தான். ஐப்பசி அடைமழையில் கழுவிக்கொண்டு போவதும் உண்மை. மழை விட்டு வெக்காளித்த நாளாகப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

நான் இப்போது செய்வது: சித்திரையில் செதுக்கல் தவறாது. பயிரில் இலை ஓரம் கடிபட ஆரம்பித்தால் வேப்பங்கொட்டை. கதிர் வெளிவரும் நேரத்தில் கிளி காம்பைக் கடித்து, மணி பிடிக்காத வெண்கதிர் பரவினால் மட்டும் மருந்து, அதுவும் கடிபட்ட பாத்திக்கு மட்டும். மூன்று வருடமாக அந்தக் கடைசிக் கட்டம் வரவில்லை.

கொட்டை பழசானால் வீரியம் இருக்காது, எட்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஆடியில் அப்பத்தா பொறுக்கி நிழலில் காயவைத்ததை உடைத்ததில் எட்டுக் கிலோ பருப்பு தேறியிருக்கிறது. இன்னும் இரண்டு கிலோவுக்கு மாமா வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.