தாழ்தள டிராம் வண்டியா, உயர்தள டிராம் வண்டியா?

சக்கர நாற்காலியில் வருபவர் யாருடைய உதவியும் இல்லாமல் டிராமில் ஏற முடியுமா? என்னைப் பொறுத்தவரை ஒப்பீடு இங்கேதான் தொடங்க வேண்டும்.

உயர்தள வண்டியின் தரை, தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கும். சக்கரம், அச்சு, மோட்டார் எல்லாம் அடியிலேயே அடங்கிவிடும். உள்ளே தரை சமமாக இருப்பதால் இருக்கைகளை விருப்பப்படி போடலாம். ஆனால் படியில்லாமல் ஏற, அதே உயரத்துக்கு நடைமேடை வேண்டும். தெரு நடுவே அது ஒரு சுவர் மாதிரி நிற்கும். சாய்தளத்துக்கும் இடம் தேட வேண்டும். 1992-இல் தொடங்கிய மான்செஸ்டர் டிராமுக்கு இந்தச் சிக்கல் குறைவு. பழைய ரயில் பாதைகளை எடுத்துக்கொண்டதால் பல இடங்களில் உயரமான நடைமேடைகள் தயாராகவே இருந்தன.

தாழ்தளத்தில் தரை 30–35 செ.மீ. தான். வியன்னாவில் ஓடும் ஒரு வகை டிராமில் வாசலின் உயரம் சுமார் 20 செ.மீ. மட்டுமே! சற்றே உயர்த்திய நடைபாதை போதும். சரி, அடியில் இருந்த கருவிகள்? பெரும்பாலும் கூரைக்குப் போய்விடும். சக்கரங்களை அப்படி நகர்த்த முடியாது. அவை உள்ளே மேடாகத் துருத்தும், அதன்மேல்தான் இருக்கை. முழுத் தாழ்தள வண்டிகள் பலவற்றில் சக்கரத்தொகுதி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பாதையின் வளைவுக்கு ஏற்ப அதிகம் திரும்பாது, அதனால் வளைவுகளில் சக்கரமும் தண்டவாளமும் சீக்கிரம் தேயும்.

தெருவில் ஓடும் டிராம் என்றால், இந்தத் தேய்மானத்தை ஏற்றுக்கொண்டாவது தாழ்தளத்தையே எடுப்பேன். சுரங்கமும் தனிப்பாதையும் இருந்தால் உயர்தளம். ஜெர்மனியின் கொலோன் நகரம் இரண்டையும் வைத்திருக்கிறது, ஆனால் தனித்தனி வழித்தடங்களில்.